குளிர் அடித்த பெண் பாக்கியம்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கனிஷாயின் போனுக்கு ஒரே ஒரு சொல் வந்தது. 'வரேன்.'

அனுப்பியவன் எர்மெக், அவளுடைய கணவன். நோவோசிபிர்ஸ்க்கில் வெல்டர் வேலைக்குப் போய் இரண்டு வருடம் நாலு மாதம் ஆகிறது. முதல் வருடம் தினமும் பேசினான். அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை ஆனது. போன கோடையிலிருந்து அதுவும் இல்லை. கனிஷாய்தான் பேசிப் பதிவு செய்து அனுப்பிக்கொண்டிருந்தாள். பதிலுக்குப் பெரும்பாலும் ஒரு கட்டைவிரல் படம் வரும், சில நாள் அதுவும் வராது. எத்தனையோ முறை வரச்சொல்லிக் கேட்டிருக்கிறாள். வேலை, லீவு, டிக்கெட் என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும்.

இன்றைக்குக் கேட்காமலே வருகிறான்.

அவள் அந்தச் சொல்லை நாலு தடவை படித்துவிட்டுக் குளியலறைக்குப் போனாள். மாமியார் குல்பாரா அங்கேதான் இருந்தாள். குளியல் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து, உள்ளே வைத்திருந்த செடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, உங்க பிள்ளை வர்றாராம்."

"எங்க?"

"இங்கதான். இன்னிக்கு."

குல்பாரா எழுந்தாள். "மாவு இருக்கா பாரு. போர்சோக் போடணும். நீ இன்னிக்குத் தையல் கூடத்துக்குப் போக வேண்டாம். அந்தப் பச்சைக் கவுனை எடுத்துப் போட்டுக்க."

போன அத்தியாயத்தில் குல்பாரா ஜன்னலை மூட மறந்ததற்காக அவள்மேல் கோபத்தில் இருக்கும் வாசகிகள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி மாதத்து பிஷ்கெக்கில் மூன்றாம் மாடிக்காரர்களுக்கு வேறு வழியில்லை. வெளியே மைனஸ் இருபது. உள்ளே ஹீட்டர் கொதிக்கிறது. அதைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது, நகராட்சி விடுகிற வெந்நீர் அது. மூச்சு முட்டினால் ஜன்னலின் மேல்பக்கத்துச் சின்னக் கதவைத் திறப்பார்கள். செவ்வாய்க்கிழமை குல்பாரா திறந்தாள். மூடாமல் தூங்கிப்போனாள். புதன்கிழமை காலையில் பார்த்தால், ஜன்னல் திண்டில் இருந்த செடி வெந்த கீரை மாதிரி தொட்டியைச் சுற்றித் தொங்கிக் கிடந்தது.

சாதாரணச் செடி என்றால் தூக்கிப் போட்டுவிடலாம். இது 'பெண் பாக்கியம்'.

பூக்கடைக்காரர்கள் இதற்கு நீளமாக ஒரு லத்தீன் பெயர் சொல்வார்கள். யாரும் அதைக் கேட்டு வாங்குவதில்லை. கரும்பச்சை இலை, நடுவில் ஒரு தண்டு, தண்டின் உச்சியில் உள்ளங்கை குவித்தாற்போல வெள்ளையாய் ஒரு மடல். வெள்ளை விட்டால் வீட்டுப் பெண்ணுக்குக் காலம் நன்றாக இருக்கும் என்று ஊரே நம்புகிறது. சிவப்பு மடல் விடுகிற இன்னொரு ஜாதிக்கு 'ஆண் பாக்கியம்' என்று பெயர். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் புருஷன் பெண்டாட்டி பிரியமாட்டார்கள் என்பதும் அதே ஊரின் நம்பிக்கை.

மகன் போன மாதமே குல்பாரா இதைக் கொண்டுவந்தாள். வாங்கவில்லை, திருடினாள். திருடிய செடிதான் வேர் பிடிக்கும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். ஒரு நோட்டரி ஆபீஸில் வரிசையில் நின்றபோது, எதிர்வீட்டுச் சாயிரா அங்கிருந்த பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க, குல்பாரா ஜன்னலோரத் தொட்டியிலிருந்து வேரோடு ஒரு கன்றைப் பிய்த்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அறுபத்திரண்டு வயதில் அவள் செய்த முதல் திருட்டு. ஆண் பாக்கியத்தையும் தேடினாள். அந்த ஆபீஸில் அது இல்லை.

அதை வளர்த்தது கனிஷாய். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் ஜாடியில் வைத்திருந்துதான் ஊற்றுவாள். ஹீட்டர் காற்றில் இலை நுனி பழுப்பாகும் என்பதால், தட்டில் கூழாங்கல் பரப்பி, தண்ணீர் விட்டு, அதன்மேல் தொட்டியை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைப்பாள். பெரிய தொட்டிக்கு மாற்றச் சொன்னவர்களிடம் மாட்டேன் என்றாள். வேர் நெருக்கினால்தான் அது வெள்ளை விடும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. இந்தக் குளிர்காலத்தில் மூன்று விட்டது. மூன்றையும் செவ்வாய்க்கிழமைக் குளிர் கொண்டுபோயிற்று.

"நான்தான் உன் பாக்கியத்தைக் கெடுத்தேன்" என்று குல்பாரா மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"குளிர் கெடுத்துச்சும்மா" என்பாள் கனிஷாய்.

மகன் வருகிறான் என்றதும் அந்தப் பேச்சு நின்றது.

மத்தியானம் சாயிரா வந்து மாவு உருட்டினாள். கணவன் இல்லாதவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். கனிஷாயை மேலும் கீழும் பார்த்தாள்.

"கம்மல் புதுசா?"

"பழசுதான் அக்கா."

"போட்டுக்கிட்டது புதுசு. ரெண்டு வருஷத்துல நான் பார்த்ததில்ல. செடி செத்தாலும் வேலையைக் காட்டிருச்சு பாரேன், ஆளை வரவழைச்சிருச்சு."

"அது சாகல அக்கா. நடுவுல ரெண்டு குருத்து இன்னும் நிமிர்ந்துதான் நிக்குது."

"உன் புருஷனும் நிமிர்ந்து வரட்டும். அங்க தண்ணி அடிக்கிறவனுங்க ஜாஸ்தி."

குல்பாரா எண்ணெயில் பொரியும் போர்சோக் மாவுத் துண்டுகளைத் திருப்பிக்கொண்டே சொன்னாள்: "என் பிள்ளை அப்படி இல்ல."

"உங்க பிள்ளைன்னு யார் சொன்னா? பொதுவா சொன்னேன்."

கனிஷாய் சிரித்தாள். அவளுக்கு அன்றைக்கு எல்லாமே சிரிப்பாக இருந்தது. அவன் ஏன் வருகிறான் என்று காலையிலிருந்து யோசித்து ஒரு பதிலும் கண்டுபிடித்திருந்தாள். புதன்கிழமை அவள் அனுப்பிய பேச்சு வழக்கத்தைவிடச் சோகமாக இருந்தது. பேச வேறு விஷயம் இல்லாததால் செடியைப் பற்றித்தான் பேசினாள், ஆனால் குரல் உடைந்துவிட்டது. அதைக் கேட்டுத்தான் கிளம்பியிருக்கிறான் என்று முடிவு செய்தாள். முடிவு சரிதான். காரணம்தான் வேறு.

மூன்று மணி இருக்கும். கீழே வாசல் கதவு அடித்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. அதைத் தொடர்ந்து ஒரு ஆணின் அழுகை. விசும்பல் இல்லை. சாவு வீட்டுக்குள் நுழைகிற ஆண்கள் குனிந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ஊர் கேட்க அழுதுகொண்டு வருவார்களே, அந்த அழுகை.

சாயிராவின் கை மாவிலேயே நின்றது. "யாரு வீட்டுல?"

"நாலாம் மாடி பெரியவரா இருக்கும்" என்றாள் குல்பாரா. "போன வாரமே மூச்சு வாங்கிட்டிருந்தாரு. பாவம், யாரோ பிள்ளை தூரத்துல இருந்து வந்திருக்கான் போல."

அழுகை இரண்டாம் மாடிக்கு ஏறியது. கதவுகள் திறக்கும் சத்தம். குல்பாரா அடுப்பைத் தணித்தாள். தலையில் ஒரு துணியை இழுத்துக் கட்டினாள்.

"வாங்க, ரெண்டு பேரும். போய் நிக்கணும்."

மாவுக் கையோடு போய்க் கதவைத் திறந்தாள். எந்தச் சாவுக்கு அவ்வளவு அவசரமாகக் கிளம்பினாளோ, அது அவளுடையதே.

"என் அம்மாவே, முகத்தைக்கூடப் பார்க்க விடாமப் போயிட்டியே, உனக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க நான் இல்லாமப் போயிட்டேனே..." என்று பாடிக்கொண்டே கடைசிப் படியில் ஏறிய எர்மெக், வாசலில் தெரிந்த செருப்பைப் பார்த்தான். காலைப் பார்த்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். அழுகை பாதியில் அறுந்தது. அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"யாருடா செத்தது?" என்றாள் குல்பாரா.

"நீதாம்மா."

அவள் மகன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். கறுப்புக் கோட்டில் ஐந்து விரலும் மாவாகப் பதிந்தது. அப்புறம் அவன் தலையைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள். கீழ்ப்படிகளில் ஏழெட்டுப் பேர் தலைத்துணியோடு நின்றிருந்தார்கள். நாலாம் மாடிப் பெரியவரே கம்பை ஊன்றி இறங்கி வந்து, "யாரும்மா போயிட்டாங்க?" என்று கேட்டார்.

விஷயம் வெளிவர அரை மணி நேரமாயிற்று. சாயிராதான் கனிஷாயின் போனை வாங்கி, புதன்கிழமைப் பேச்சைத் திரும்பவும் ஓடவிட்டாள். கனிஷாயின் குரல் சமையலறையில் கேட்டது.

"நம்ம வீட்டுப் பாக்கியம் தலை சாஞ்சிருச்சு. ராத்திரிக் குளிர் தாங்கல. தண்ணி ஊத்தி வெச்சிருக்கோம். இனிமே எழுந்திரிக்கிறது கஷ்டந்தான். உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு."

சாயிரா தலைத்துணி நுனியால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எங்கள் ஜனங்களுக்குத்தான் இதில் உள்ள கோளாறு புரியும். தூரத்தில் இருப்பவனுக்குச் சாவுச் செய்தியைப் பச்சையாகச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. மலை சரிந்தது என்போம், மரம் சாய்ந்தது என்போம். கேட்டவனும் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்கமாட்டான். கிளம்பிவிடுவான்.

"பேரைச் சொல்லியிருக்கலாம்ல?" என்றான் எர்மெக். பயம் தெளிந்து இப்போது கோபம் வந்திருந்தது. "குல்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்கும்ல?"

கனிஷாய் நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிச் சொல்லுவேன்?"

குல் என்றால் எங்கள் பேச்சில் பூ, பூச்செடியும் அதுதான். குல்பாராவின் பெயரில் அது இருக்கிறது. மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லக்கூடாது, அதில் ஒரு துண்டைக்கூடச் சொல்லக்கூடாது. பதினோரு வருடமாகக் கனிஷாயின் வாயில் பூ என்ற சொல்லே வந்ததில்லை. கடைவீதியில்கூட "அந்த வெள்ளையை எடுங்க" என்றுதான் கேட்பாள். செடிக்கு அவள் வைத்துக்கொண்ட பெயர் வீட்டுப் பாக்கியம். அதே சொல்லால் வீட்டுப் பெரியவளையும் சொல்வதுண்டு.

"முற்றத்துல சாவுக் கூடாரம் போடலையேன்னு பார்த்தேன்" என்றான் எர்மெக். "பனில எங்க போடறதுன்னு விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். படில எண்ணெய் வாசனை வேற. சாவுக்குத்தான் போர்சோக் போடறாங்கன்னு..."

"உனக்குத்தாண்டா போட்டேன், சாப்பிடு" என்றாள் குல்பாரா. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். தன் சாவுக்கு மகன் எப்படி அழுவான் என்பதை இருந்து கேட்கிற வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்?

"நல்லாத்தான் அழறான்" என்றாள் சாயிரா. "ரெண்டாம் மாடில எனக்கே கண்ணு கலங்கிருச்சு. இனிமே உங்களுக்கு நூறு வயசு." இரண்டு போர்சோக்கை எடுத்துக்கொண்டு, கனிஷாயின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் கிளம்பிப் போனாள்.

கனிஷாய் காதில் கை வைத்தாள். கம்மல் உறுத்தியது. அவன் வந்துவிட்டான் என்ற சந்தோஷமும், அது தனக்காக இல்லை என்ற அவமானமும் ஒன்றாக வந்தன. அவன் வந்து ஒரு மணி நேரத்தில் அவளை நேராக ஒரு தடவைதான் பார்த்திருந்தான், அதுவும் கோபத்தில். பச்சைக் கவுனை அவன் கவனித்ததாகத் தெரியவில்லை.

குல்பாரா கோட்டை எடுத்து மாவைத் தட்டினாள். உள்பையிலிருந்து பாஸ்போர்ட் விழுந்தது. அதற்குள் மடித்த ஒரு தாள் இருந்தது. குனிந்து எடுத்தவள், கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். இரண்டு தடவை படித்தாள்.

"இது என்ன, ஞாயித்துக்கிழமை மத்தியானம்?"

எர்மெக் தாளை வாங்கக் கையை நீட்டினான்.

"திரும்பிப் போற டிக்கெட்டா?"

"வேலைல விடலம்மா. ரெண்டு நாள்தான் குடுத்தாங்க."

"புதன்கிழமை நான் செத்தேன். இன்னிக்கு மூணாம் நாள், அடக்கம். நாளைக்கு ஒரு நாள் துக்கம். ஞாயித்துக்கிழமை நீ கிளம்பிடுவ." அவள் சத்தம் போடவில்லை, சமையல் குறிப்பு சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "ஏழாம் நாளுக்கு வர்றவங்களுக்கு யாரு சோறு போடறது? நாப்பதாம் நாளுக்கு யாரு?"

"கனிஷாய் இருக்காளே."

அடுப்பில் எண்ணெய் சிடுசிடுத்தது.

"சரி" என்றாள் குல்பாரா. "நான்தான் சாகலையே. எனக்கு யாரும் சோறு போட வேண்டாம். ஞாயித்துக்கிழமை போறப்ப இவளையும் கூட்டிட்டுப் போ. பாஸ்போர்ட் ரெண்டு வருஷமா எடுத்து வெச்சிருக்கா."

"அங்க எங்கம்மா இடம்? எட்டுப் பேரு ஒரே ரூம்ல படுத்துக் கிடக்கோம்."

கனிஷாய் அவனைப் பார்த்தாள். போன இலையுதிர் காலத்தில் அவனே ஒரு வரி எழுதியிருந்தான், தனி ரூமுக்கு மாறிவிட்டேன், ரெண்டு ஜன்னல் இருக்கு என்று. அவன் அதை மறந்துவிட்டிருந்தான். அவனிடமிருந்து வந்த சொற்கள் அவ்வளவு குறைவாக இருந்ததால், அவளுக்கு ஒன்றுகூட மறக்கவில்லை.

"தண்ணி மாத்தணும்" என்று சொல்லிவிட்டுக் குளியலறைக்குப் போனாள்.

பின்னாலேயே அவன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வந்தான். கதவோரம் நின்றான்.

"இதுதானா அது?"

"இதுதான்."

"இதுக்காக நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர் அழுதுட்டு வந்திருக்கேன்."

"இதைக் கொஞ்சம் பிடிங்க. தலைகீழாக் கவுக்கணும். இலையைப் பிடிச்சு இழுக்காதீங்க, அடில பிடிங்க."

அவன் குந்தி உட்கார்ந்து தொட்டியைக் கவிழ்த்துப் பிடித்தான். அவள் மண்கட்டியை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். வேர் வட்டவட்டமாகச் சுற்றியிருந்தது. ஒரு ஓரத்தில் பழுப்பு. விரலால் அழுத்தினாள், தோல் உரிந்து வந்தது. மீதி இடமெல்லாம் வெள்ளையாக, கெட்டியாக இருந்தது. அழுகியதைக் கத்தரியால் நறுக்கினாள். கறுத்துக் குழைந்த இலைகளை அடித்தண்டோடு ஒவ்வொன்றாக வெட்டி வாளியில் போட்டாள்.

"பொழைச்சிருமா?"

"வேர் இருக்கு. ஹீட்டர்கிட்ட வைக்காம, இந்த ஈரத்துலயே ஒரு மாசம் வெச்சா புதுசா இலை வரும். உரம் கிரம் போடக்கூடாது. வெள்ளை இந்த வருஷம் கிடையாது."

எர்மெக் தலையாட்டினான். போன கோடைக்குப் பிறகு அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

"நான் அனுப்புறதையெல்லாம் நீங்க கேப்பீங்களா?" என்றாள் கனிஷாய். கத்தரியை நிறுத்தவில்லை.

அவன் தொட்டிக்குள் ஒட்டியிருந்த மண்ணைச் சுரண்டினான். "எல்லாம் இல்ல."

"புதன்கிழமை அனுப்பினதைக் கேட்டீங்களே."

"கேட்காமதான் வெச்சிருந்தேன். அவதான் போட்டா. கேட்டுட்டு அவதான் சொன்னா, உங்க அம்மா போயிட்டாங்க போல, பூசி மெழுகிச் சொல்றாங்க, கிளம்புன்னு..."

சொல்லிவிட்டுத்தான் என்ன சொன்னோம் என்று அவனுக்கே தெரிந்தது. தொட்டி அவன் கையிலேயே கவிழ்ந்தபடி இருந்தது.

கனிஷாய் அடுத்த இலையை வெட்டினாள். நல்ல இலை ஒன்றையும் சேர்த்து வெட்டிவிட்டாள்.

"நம்ம நாட்டுப் பொண்ணா?"

"தலாஸ் பக்கம்."

"எத்தனை நாளா?"

"போன இலையுதிர் காலத்துல இருந்து."

"ரெண்டு ஜன்னல் ரூமா?"

அவன் தலையைக் குனிந்தான். "அவளுக்கு ஏற்கெனவே ஒரு பெண் குழந்தை இருக்கு. என்னோடது இல்ல."

"நான் கேட்கலையே."

அந்தக் காலத்து அடுக்குமாடி வீடுகளில் குளியலறைக்கும் சமையலறைக்கும் நடுவே, சுவரின் மேல்பகுதியில், சின்னதாக ஒரு ஜன்னல் இருக்கும். இந்த வீட்டில் அதன் கண்ணாடி உடைந்து இரண்டு வருடமாகிறது. எர்மெக் வந்து போடுவான் என்று விட்டிருந்தார்கள். எண்ணெய் சிடுசிடுக்கிற சத்தம் எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை. மேலேயிருந்து குல்பாராவின் குரல் தெளிவாக வந்தது.

"எர்மெக், வெளில வா."

அவன் போனான். கனிஷாய் வேரைப் பழைய தொட்டியிலேயே வைத்து, புதுமண் இட்டு, மெல்ல அழுத்தினாள். வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டாள். கையைக் கழுவினாள். முகத்தையும் கழுவினாள். அழவேண்டும் போல இருந்தது. அழுதால் மூன்றாவது ஆளாகத்தான் அழவேண்டியிருக்கும் என்று தோன்ற, கம்மலைக் கழற்றிச் சோப்புப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

குல்பாரா மேஜையின் அந்தப் பக்கம் நின்றிருந்தாள். உட்காரச் சொல்லியும் மகன் உட்காரவில்லை.

"என் சாவுக்கு அழ வேண்டியதை நீ இன்னிக்கே அழுது முடிச்சிட்ட" என்று அவள் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "நல்லா அழுத, குறை சொல்லமாட்டேன். நிஜமாவே சாகறப்ப நீ வராட்டியும் பரவால்ல. ஞாயித்துக்கிழமை நீ போ. இவ போகமாட்டா. இவ என் பொண்ணு. இந்த வீட்டுலதான் இருப்பா. நீ வந்தா விருந்தாளி."

"அம்மா..."

"நான் பேசிட்டிருக்கேன்."

பதினோரு வருடத்தில் மாமியார் பேச்சின் நடுவில் கனிஷாய் பேசியதில்லை. இப்போது பேசினாள்.

"அம்மா, அவர் என்னைக் கேட்கல. நீங்களும் கேட்கல."

குல்பாரா திரும்பினாள். "என்னத்தைக் கேட்கணும்?"

"நான் இருக்கறேனா, போறேனான்னு. அவர் என்னை இங்க வெச்சுட்டுப் போனாரு. நீங்க இங்கயே இருன்னு சொல்றீங்க. ஆசையாத்தான் சொல்றீங்க, எனக்குத் தெரியும். ஆனா ரெண்டும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்குது."

குல்பாராவின் முகம் சுருங்கியது. மகளே என்று கூப்பிட்டதற்கு இப்படி ஒரு பதில் வரும் என்று அவள் நினைக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "சரி, கேக்கறேன். என்ன பண்ணப் போற?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை நானும் போறேன்."

எர்மெக் நிமிர்ந்தான். "எதுக்கு?"

"சண்டை போட இல்ல. இத்தனை மாசமா இந்தப் போன்ல பேசிட்டிருந்தேன். கடைக்குப் போனது, காலர் தெச்சது, இலை துடைச்சது எல்லாம் சொன்னேன். அந்தப் பக்கம் நீங்க இருக்கீங்கன்னு நெனச்சுச் சொன்னேன். கேட்டது அவ. அவ முகத்தைப் பார்க்கணும். பார்த்துட்டு, இங்க திரும்பி வர்றதா வேண்டாமான்னு நானே முடிவு பண்றேன்."

"அவளை எதுக்கு இதுல இழுக்கற? அவ ஒண்ணும்..."

"ஒரு டிக்கெட் எடுங்க."

குல்பாரா மருமகளைப் பார்த்தாள். பிறகு மெல்ல எழுந்து அலமாரிக்குப் போய், நாப்தலின் உருண்டை வாசனையோடு தன்னுடைய கனத்த ஆட்டுத்தோல் கோட்டை எடுத்து வந்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"அங்க குளிர் இதைவிட ஜாஸ்தி. உன் கோட்டு தாங்காது" என்றாள். "செடிக்கு எத்தனை நாளைக்கு ஒருதரம் தண்ணி விடணும், அதை எழுதி வெச்சுட்டுப் போ."

"மண்ணு காஞ்சா மட்டும் விடுங்கம்மா. கேக்காம ஊத்தாதீங்க."

எர்மெக் பையிலிருந்து போனை எடுத்தான். திரையைப் பார்த்தபடி நின்றான். கட்டைவிரல் இரண்டு தடவை மேலே போய்க் கீழே வந்தது. டிக்கெட் எடுக்கிறானா, அங்கே எச்சரிக்கை சொல்கிறானா என்று கனிஷாய்க்குத் தெரியவில்லை.

"அவளுக்கும் சொல்லிடுங்க" என்றாள். "நான் வர்றப்ப வீட்டுல இருக்கட்டும், தேடி அலையக்கூடாது."